குளிர்கால லீவில் ஒரு பழைய நகரம்: யோர்க் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுகிறது?

வரலாறு என்றதும் எங்களில் பலருக்கு ஞாபகம் வாறது பரீட்சைக்காகப் பாடமாக்கிய ஆண்டுகள்தான். ஆனால் ஒரு நாட்டின் பெரும்பாலான சனம் வரலாற்றைச் சந்திக்கிறது வகுப்பறைக்கு வெளியே. லீவு நாளில் அம்மா அப்பாவோடு ஒரு கோட்டையையோ நூதனசாலையையோ பார்க்கப் போவார்கள். அரைவாசி நேரம் சாப்பாட்டுக் கடையையும் கழிவறையையும் தேடுவதில் போய்விடும். என்றாலும் அன்றைக்குக் கண்ணால் பார்த்தது பாடப்புத்தகம் மறந்த பிறகும் மனசில் நிற்கும்.

அதனால் இந்த முறை 'குடும்பத்தோடு ஒருநாள் சுற்றுலா' என்பதையே ஒரு வரலாற்று விஷயமாக எடுத்துப் பார்க்கிறோம். எங்களிடம் இரண்டு கேள்விகள் இருக்கு. இப்படி ஒரு நாள் வெளியே போக யாரால் முடிந்தது? போனவர்களுக்கு எது காட்டப்பட்டது?

இதற்காக நாங்கள் எடுத்துக்கொண்டது வட இங்கிலாந்தில் இருக்கும் யோர்க் நகரம். ரோமர் கி.பி. 71 அளவில் அமைத்த படைமுகாமிலிருந்து வளர்ந்த ஊர் அது. 866இல் வைக்கிங்குகள் அதைப் பிடித்தார்கள். பிறகு மத்தியகால மதில், பேராலயம், ரயில், சொக்லேட் தொழிற்சாலை என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கு. இங்கிலாந்துப் பாடசாலைகளுக்கு நத்தாரை ஒட்டி இரண்டு கிழமை லீவு. பெப்ரவரி நடுவில், தவணையின் பாதியில், இன்னொரு கிழமை. வெயிலும் இல்லை, கடற்கரைக்கும் போக ஏலாது. டிசம்பர் கடைசியில் பின்னேரம் நாலு மணிக்கு முன்னமே பொழுதுபட்டுவிடும். அந்த நாட்களில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்க முடியாத குடும்பங்கள் யோர்க் மாதிரியான நகரங்களுக்குத்தான் வெளிக்கிடும். பெப்ரவரி லீவுக் கிழமையில் அங்கே வைக்கிங் திருவிழா நடக்கும். தாடியும் கேடயமுமாக வேஷம் கட்டியவர்கள் வீதியில் அணிவகுத்துப் போவார்கள்.

இடிக்க நினைத்த மதில்

யோர்க்குக்குப் போகும் குடும்பங்கள் காசு கொடுக்காமல் செய்யக்கூடிய முதல் வேலை, மதில்மேல் நடப்பது. சுமார் 3.4 கிலோமீற்றர் நீள மதில் இன்றும் நிற்குது. அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கிற ஒரு பகிடியும் உண்டு. யோர்க்கில் வீதிக்குப் பெயர் 'கேட்', வாசலுக்குப் பெயர் 'பார்', குடிக்கிற 'பார்' என்றால் 'பப்'. வைக்கிங்குகளின் மொழியில் 'காட்டா' என்றால் தெரு. அந்தச் சொல்தான் ஆயிரம் வருஷம் தாண்டியும் தெருப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கு.

இந்த மதில் தப்பியதே பெரிய விஷயம். 1800இல் யோர்க் மாநகரசபை மதிலை இடித்துத் தள்ளுவதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதியை நாடியது. வாசல்கள் ஒடுக்கமானவை, வண்டிப் போக்குவரத்துக்கு இடைஞ்சல், பராமரிக்கச் செலவு என்பவைதான் காரணங்கள். எதிர்ப்பு எழுந்தது. யோர்க்கிலேயே பிறந்த ஓவியர் வில்லியம் எற்றி போன்றவர்கள் மதிலுக்காகக் குரல் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. வாசல்களுக்கு முன்னால் நீண்டிருந்த காவல் அரண்கள் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் போய்விட்டன. மிஞ்சிய ஒன்று வால்ம்கேட் வாசலில் இருக்கு.

மிக்கிள்கேட் வாசலில் பெற்றோர் பிள்ளைகளுக்கு வேறொரு கதை சொல்வார்கள். 1460 டிசம்பர் 30ஆம் திகதி, வேக்ஃபீல்ட் சண்டையில் யோர்க் கோமகன் ரிச்சர்ட் கொல்லப்பட்டார். அவருடைய தலையை இந்த வாசலின் மேல், கடதாசிக் கிரீடம் வைத்துக் குத்தி நிறுத்தினார்கள். பிள்ளைகள் 'ஐயோ' என்று சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்ப்பார்கள். ஐந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் போனதால் அந்தத் தலை இப்போது யாரையும் பயமுறுத்துவதில்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

ரயிலுக்குக்கூடக் காசில்லாத குடும்பங்கள்

யோர்க்குக்கு ரயில் வந்தது 1839இல். இரண்டு வருஷத்தில் மதிலையே துளைத்து வளைவு கட்டி, ரயிலை நகருக்குள் கொண்டுவந்தார்கள். இப்போதிருக்கும் நிலையம் 1877இல் மதிலுக்கு வெளியே திறக்கப்பட்டது. தூரத்து ஊர்ச்சனம் காலையில் வந்து இரவு வீடு திரும்புகிற மாதிரி ஒரு சுற்றுலாவை ரயில்தான் சாத்தியமாக்கியது. ஆனால் ரயில் ஓடினால் மட்டும் காணாதே. லீவு வேணும், ரிக்கெட்டுக்குக் காசு வேணும்.

1871இல் வந்த வங்கி விடுமுறைச் சட்டம் இங்கிலாந்துக்கு நாலு பொது விடுமுறைகளைக் கொடுத்தது. அதில் குளிர்காலத்தில் வாறது ஒன்றே ஒன்று, டிசம்பர் 26. பாடசாலைக்குப் போவது கட்டாயமானது 1880இல். அதற்குப் பிறகுதான் 'பாடசாலை லீவு' என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒன்றாக மாறத் தொடங்கியது.

காசு விஷயத்தில் யோர்க்கின் பெயர் சமூகவியல் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அங்கே ரவுன்ட்ரீ என்ற குவேக்கர் குடும்பம் சொக்லேட் தொழிற்சாலை நடத்தியது. நாங்கள் சாப்பிடுகிற கிட்கட் 1935இல் வேறொரு பெயரில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரவுன்ட்ரீ 1899இல் யோர்க்கின் தொழிலாளர் வீடுகளைக் கணக்கெடுப்பித்தார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். 1901இல் வெளிவந்த முடிவு நாட்டையே உலுக்கியது. நகரத்துச் சனத்தொகையில் 27.84 வீதம் வறுமையில் இருந்தது. வறுமை என்றால் லண்டன் சேரிகளில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, பேராலயம் இருக்கிற ஒரு சின்ன அழகான நகரத்திலேயே நாலில் ஒருவருக்கு மேல் ஏழை என்பது அதிர்ச்சி.

அவர் போட்ட வறுமைக்கோடு எப்படிப்பட்டது தெரியுமா? தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கிழமைக்கு 21 சிலிங் 8 பென்ஸ். உயிரோடு இருந்து வேலைக்குப் போக எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். இந்தக் கணக்கில் வாழ்வதென்றால் என்ன என்பதை அவரே விளக்கியிருந்தார். அதன் சாரம் இதுதான்: அந்தக் குடும்பம் ரயிலுக்கோ பஸ்வண்டிக்கோ ஒரு பென்னிகூடச் செலவழிக்கக் கூடாது, நாட்டுப்புறம் பார்க்க ஆசைப்பட்டால் நடந்துதான் போகவேணும், பத்திரிகை வாங்கக் கூடாது, பிள்ளைக்குப் பொம்மையோ இனிப்போ வாங்கிக் கொடுக்கக் கூடாது. இப்படி எழுதியதால் அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்க வேண்டாம். இவ்வளவு இறுக்கமாகக் கோடு போட்டும் இத்தனை பேர் அதற்குக் கீழே விழுகிறார்களே என்று காட்டத்தான் அவர் அப்படிச் செய்தார்.

இதில் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது, 'ஒருநாள் வெளியே போவது' என்பது வறுமையை அளக்கும் கணக்குக்குள்ளேயே வந்திருப்பது. போக முடியாத குடும்பம் எது என்று பார்த்தால், ஏழைக் குடும்பம் எது என்று தெரிந்துவிடும். 1930களில் அதே நகரத்தை ரவுன்ட்ரீ மறுபடி ஆராய்ந்தார். இந்த முறை பத்திரிகை, வானொலி, சின்னச் சின்ன சந்தோஷங்களுக்கும் கணக்கில் இடம் கொடுத்தார். மனிசனுக்குச் சோறும் கூரையும் மட்டும் போதாது என்பதை வறுமைக்கோடும் ஒப்புக்கொள்ள நாற்பது வருஷம் அளவில் எடுத்தது.

1938 இந்தக் கதையில் முக்கியமான வருஷம். சம்பளத்தோடு லீவு பற்றிய சட்டம் பிரித்தானியாவில் அந்த வருஷம்தான் வந்தது. அதே வருஷம் யோர்க்கில், பழைய பெண்கள் சிறைச்சாலைக் கட்டடத்தில் ஒரு நூதனசாலை திறந்தார்கள். ஜோன் கேர்க் என்ற கிராமத்து வைத்தியர், வழக்கொழிந்து போய்க்கொண்டிருந்த வீட்டுச் சாமான்களையும் கடைச் சாமான்களையும் வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்தார். அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்காமல், விக்டோரியா காலத்து வீதி ஒன்றையே உள்ளே கட்டி, கடை கடையாக வைத்தார்கள். அரசர்களின் வாளுக்குப் பதிலாக மெழுகுதிரிக்காரரின் கடையையும் கொல்லன் பட்டறையையும் பிள்ளைகள் பார்த்தார்கள். தன் பாட்டியின் வீட்டில் இருந்த சாமான் நூதனசாலையில் இருப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு, வரலாறு தன்னுடையதும்தான் என்று விளங்கும்.

பிறகு 1975இல் தேசிய ரயில் நூதனசாலை யோர்க்கில் திறக்கப்பட்டது. 1938 ஜூலையில் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடிச் சாதனை படைத்த 'மல்லார்ட்' நீராவி இயந்திரம் அங்கேதான் நிற்குது. தேசிய நூதனசாலைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்ற முடிவு 1999இல் பிள்ளைகளிலிருந்து தொடங்கி, 2001 டிசம்பரில் எல்லாருக்கும் வந்தது. மழை பெய்கிற ஒரு பெப்ரவரி நாளில் மூன்று பிள்ளைகளோடு போகிற தாய்க்கு இந்தக் கொள்கையின் அருமை தெரியும். ஆனால் நகரத்தின் மற்றக் காட்சியிடங்கள் பலவற்றுக்கு ரிக்கெட் எடுக்கத்தான் வேணும். ரவுன்ட்ரீயின் கேள்வி முழுக்கப் பழசாகிவிடவில்லை.

ஒரே காலத்தில் இரண்டு அகழ்வுகள்

இனி இரண்டாவது கேள்வி. போனவர்களுக்கு என்ன காட்டுகிறார்கள்?

கொப்பர்கேட் என்ற தெருவில் ஒரு பழைய இனிப்புத் தொழிற்சாலையை இடித்த இடத்தில், 1976 முதல் 1981 வரை யோர்க் தொல்லியல் அறக்கட்டளை தோண்டியது. மண் ஈரமாக, காற்றுப் புகாமல் இருந்ததால் வழமையாக உக்கிப்போகும் மரம், தோல், துணி எல்லாம் மிஞ்சியிருந்தன. வைக்கிங் காலத்து வீடுகளின் மரச்சுவர்கள், சப்பாத்துகள், மான்கொம்புச் சீப்புகள், கம்பளி நூலால் பின்னிய ஒரு காலுறை என்று பத்தாம் நூற்றாண்டின் ஒரு தெரு முழுதாக வெளிவந்தது. கொப்பர்கேட் என்ற பெயருக்கே மரக்கிண்ணம் செய்பவர்களின் தெரு என்றுதான் பொருள். மரக்கிண்ணம் கடைந்த கழிவுகளும் அங்கே கிடைத்தன.

1984 ஏப்ரலில் அதே இடத்தில் யோர்விக் வைக்கிங் நிலையம் திறந்தது. சின்ன வண்டியில் உட்கார்ந்தால் அது ஆயிரம் வருஷத்துக்கு முந்திய தெருவுக்குள் கூட்டிக்கொண்டு போகும். மீன், புகை, கழிவறை எல்லாவற்றின் மணமும் வரும். பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த காட்சிப்பொருள், 1972இல் ஒரு வங்கிக் கட்டடம் கட்டத் தோண்டியபோது பக்கத்துத் தெருவில் கிடைத்த 20 சென்றிமீற்றர் நீளமான வைக்கிங் மலம். அதில் குடற்புழு முட்டைகள் இருந்தன. கொள்ளைக்காரர் என்று மட்டும் அறிந்திருந்த ஒரு கூட்டம் வயிற்றுவலியோடும் கிழிந்த காலுறையோடும் வாழ்ந்த தொழிலாளிகளும்தான் என்பதை இதைவிட லேசாகப் பிள்ளைகளுக்கு விளக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையம் பழுதாகி, 2017இல் திரும்பத் திறக்கப்பட்டது.

அதே அறக்கட்டளை 1980களின் தொடக்கத்தில் இன்னொரு இடத்தையும் தோண்டியது. மதிலுக்கு வெளியே, ஜூபரி என்ற இடம். அது மத்தியகால யூதரின் இடுகாடு. சுப்பர்மார்க்கெட் ஒன்று கட்டுவதற்காக நடந்த அந்த அகழ்வில் கிட்டத்தட்ட 500 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. யூத மதத் தலைவர்கள் கேட்டுக்கொண்டபடி அவை 1984இல் திரும்ப அடக்கம் செய்யப்பட்டன. யோர்விக் நிலையம் திறந்த அதே வருஷம். இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது வாகனத் தரிப்பிடம்.

எலும்புகளைத் திரும்ப அடக்கம் செய்தது சரி. அதைக் காட்சிப்பொருளாக்கியிருந்தால் பெரிய பிழை. ஆனால் ஒரு விஷயத்தைப் பார்க்க வேணும்: 954இல் முடிந்துபோன வைக்கிங் ஆட்சி இன்றைக்கு அந்த நகரத்தின் அடையாளம். அதற்குப் பிறகு அங்கே வாழ்ந்த ஒரு சமூகத்தின் தடத்தை, தேடிப் போகிறவர்தான் காண முடியும். அந்தச் சமூகத்துக்கு என்ன நடந்தது?

கோபுரத்தின் அடியில்

யோர்க்கின் நடுவில் ஒரு புல்மேடு, அதன்மேல் கிளிஃபர்ட் கோபுரம். குடும்பமாக வருகிற எல்லாரும் அந்தப் படிகளில் ஏறிப் படம் எடுப்பார்கள். இப்போதுள்ள கல் கோபுரம் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு முன் அங்கே ஒரு மரக்கோபுரம் இருந்தது.

1189இல் முதலாம் ரிச்சர்ட் முடிசூடியபோது லண்டனில் யூதர்கள் தாக்கப்பட்டார்கள். சிலுவைப்போர் வெறி பரவிய காலம். யோர்க்கில் சில நிலப்பிரபுக்கள் யூத வட்டிக்கடைக்காரரிடம் பெருங்கடன் பட்டிருந்தார்கள். 1190 மார்ச்சில் யூதரின் வீடுகள் தாக்கப்பட, சுமார் 150 பேர் அரச பாதுகாப்பை நம்பி அந்த மரக்கோபுரத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். கும்பலும் படையும் சுற்றிவளைத்தன. மார்ச் 16ஆம் திகதி இரவு, கட்டாய மதமாற்றத்தையோ கும்பலின் கையில் சாவதையோ ஏற்காத பெரும்பாலோர் உள்ளேயே குடும்பம் குடும்பமாக உயிரை விட்டார்கள். கோபுரம் எரிந்தது. உயிருக்கு உத்தரவாதம் தருவதாகச் சொன்னதை நம்பி வெளியே வந்த மிச்சப் பேரையும் கொன்றார்கள். பிறகு கும்பல் நேரே பேராலயத்துக்குப் போய், அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களை எரித்தது. அந்தக் கடைசிச் செயலே, மதவெறிக்குப் பின்னால் வேறு என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடும். 1290இல் முதலாம் எட்வேட் யூதர்களை இங்கிலாந்திலிருந்தே வெளியேற்றினார்.

இந்தக் கொலைகளைச் சொல்லும் நினைவுக்கல் கோபுரத்தின் அடியில் வைக்கப்பட்டது 1978இல்தான். நடந்து 788 வருஷத்துக்குப் பிறகு. அதுவரை எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அந்த மேட்டில் ஏறி இறங்கியிருப்பார்கள்? பிறகு மேட்டில் டஃபோடில் பூச்செடிகள் நட்டார்கள். அவற்றின் ஆறு இதழ்கள் தாவீதின் விண்மீனை நினைவூட்டும் என்பதற்காக. மார்ச் அளவில், நினைவு நாளையொட்டி அவை பூக்கும். கோபுரத்தின் அடிவரை கடைத்தொகுதி கட்டும் திட்டமொன்றை 2003இல் அரசு மறுத்தது. 2022இல் கோபுரத்துக்குள் புது மரத்தளங்களும் மேல்தட்டும் அமைத்துத் திறந்தார்கள்.

முன்னர் மிக்கிள்கேட் வாசலின் தலையை ஞாபகத்தில் வைத்திருக்கச் சொன்னோம். அந்தத் தலைக்கதை விளையாட்டாகிவிட்டது. வைக்கிங் கோடரியும் விளையாட்டாகிவிட்டது. 1190 அதைவிட இன்னும் 270 வருஷம் பழசு, ஆனால் அது விளையாட்டாகவில்லை, ஆகவும் முடியாது. அப்படியென்றால் காலம் கடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது உண்மையில்லை. யோர்க் கோமகனின் கட்சியையோ வைக்கிங்குகளையோ இன்றைக்கு யாரும் வெறுப்பதில்லை. யூதர்மீதான வெறுப்போ அந்த நூற்றாண்டோடு முடியவில்லை. வெறுப்பு தொடரும்வரை அந்தக் கதையும் பழங்கதை ஆகாது.

அப்படியென்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த மேட்டில் வைத்து என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாமல் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகலாம். 1978 வரை அந்த நகரம் செய்தது கிட்டத்தட்ட அதுதான். எல்லாவற்றையும் விபரமாகச் சொல்லிப் பிள்ளையைப் பயப்படுத்தவும் தேவையில்லை. 'இங்கே தஞ்சம் தேடி வந்த கொஞ்சப் பேரைப் பக்கத்து வீட்டுக்காரரே கொன்றார்கள், அவர்களை மறக்கக் கூடாது என்றுதான் இந்தப் பூ' என்று சொன்னால் எட்டு வயதுக்கு விளங்கும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

இதெல்லாம் இங்கே இருக்கிற எங்களுக்கு ஏன்? 2009க்குப் பிறகு கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க பஸ் பஸ்ஸாகக் குடும்பங்கள் வந்ததும், பக்கத்தில் நினைவுப்பொருள் கடை நடந்ததும் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். யோர்க்கையும் எங்கள் இடங்களையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் வரவில்லை. ஆனால் ஒரு இடத்தைச் சுற்றுலாத்தலமாக்குவதற்கு முன் அங்கே செத்தவர்களின் ஆக்களிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

யோர்க்கில் மதில் தப்பியது சிலர் சண்டை பிடித்ததால். ஏழைப் பிள்ளை ரயில் நூதனசாலைக்குள் போக முடிவது, வறுமையைக் கணக்கெடுத்தவர்களும் லீவுக்கும் இலவச நுழைவுக்கும் வாதாடியவர்களும் இருந்ததால். கோபுரத்தடியில் ஒரு கல் இருப்பது, அது இல்லாமல் இருப்பது சரியில்லை என்று சிலர் நினைத்ததால். இதில் எதுவும் தானாக நடக்கவில்லை. அடுத்த லீவுக்கு நீங்கள் தம்பி தங்கச்சியோடு எங்கேயாவது போனால், அங்கிருக்கிற அறிவிப்புப் பலகையை ஒருக்கால் நின்று வாசியுங்கள். அதை எந்த வருஷம், யார் வைத்தது என்று பாருங்கள். அதில் யாருடைய பெயர் இல்லை என்றும் பாருங்கள். பிறகு அதைப் பற்றிப் பிள்ளைகளோடு கதையுங்கள்.